திரை மங்கினால் தூக்கியெறிவதா?



பெட்டாலிங் ஜெயாவின் குடியிருப்புப் பகுதிகளில் ஒலிபெருக்கி கட்டிய லோரிகள் சுற்றிவருவதை நாம் அனைவரும் அறிவோம். பழைய நாளிதழ், பழைய இரும்பு, பழுதான தொலைக்காட்சி, பழுதான கணினி என்று அவை கேட்டு வாங்காத பொருளே இல்லை. பள்ளி விடுமுறையிலும் தீபாவளிக்கு முன்பும் வீட்டைத் துப்புரவு செய்வோர் பலர் கணினித் திரைகளையும் அவற்றில் ஏற்றிவிடுகின்றனர். 'மங்கிவிட்டது', 'எரியவில்லை', 'பழையதாகிவிட்டது' என்பவையே அவர்கள் கூறும் காரணங்கள். அவற்றுள் எத்தனைத் திரைகள் உண்மையிலேயே பயனற்றுப் போனவை? அதனை எவரேனும் சோதித்துப் பார்த்ததுண்டா?

இக்கேள்வியில் ஒரு மின்கருவியின் விலையைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. பழுது நேர்ந்தவுடன் காரணத்தைத் தேடாமல் பொருளையே மாற்றிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கின்றனர். இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் இப்போது பரவி வருகிறது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் திருப்புளியும் கையுமாகத் திரையின் பின்மூடியைக் கழற்றத் தொடங்கிவிடுகின்றனர், சில வேளைகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளே! முன்னது பணத்தை வீணாக்கும். பின்னது உயிருக்கே உலை வைக்கும்.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நல்ல வழி உண்டு. பழுதைக் கண்டறியும் வேலையை வீட்டிலேயே, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யலாம். பெட்டியைத் திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்கலாம். எந்த இடத்தில் நம் வேலை முடிகிறது, எந்த இடத்தில் அவர் வேலை தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் காட்டுவதே பெரியவர்களின் கடமை என்பது என் கருத்து.

படம் வேறு, ஒளி வேறு

திரை மங்குவதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் அடிப்படை போதும். அக்காலத்துக் குண்டுத் திரைகளில், அதாவது சி.ஆர்.டி. திரைகளில், எலக்ட்ரான் கற்றை கண்ணாடியின் உட்பூச்சைத் தாக்க, அப்பூச்சே ஒளிர்ந்தது. இன்று நம் மேசைகளில் இருக்கும் தட்டைத் திரைகளுள் பெரும்பாலானவை எல்.சி.டி. வகையைச் சேர்ந்தவை. இவற்றில் படத்தை உருவாக்கும் திரவப் படிகத்திற்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. படிகம் அவ்வொளியை ஓரிடத்தில் மறைத்தும் ஓரிடத்தில் விடுத்தும் படத்தைக் காட்டுகிறது. சன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் வெயில் இருப்பதைப் போல என்று மாணவர்களுக்கு விளக்கலாம்.

2010ஆம் ஆண்டையொட்டிய காலம்வரை வந்த திரைகளில் இப்பின்விளக்கு மெல்லிய குழல்விளக்காக இருந்தது. பின்னர் எல்.இ.டி. விளக்குகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே 'படம் தெரியவில்லை' என்று நாம் சொல்லும்போது இருவேறு நிலைகள் இருக்கக்கூடும். படமே உருவாகாமல் இருக்கலாம். அல்லது படம் உருவாகியும் அதனைக் காட்ட ஒளியில்லாமல் இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறிந்துவிட்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

திறக்காமலே செய்யும் ஆறு சோதனைகள்

பின்வரும் சோதனைகளுக்குத் திருப்புளி தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதே விதி.

1. மின்னிணைப்பு: சுவரிலுள்ள விசை போடப்பட்டுள்ளதா? அதே இணைப்பில் வேறொரு கருவி இயங்குகிறதா? நம் நாட்டு மூன்று கால் பிளக்கினுள் ஒரு சிறு பியூஸ் உண்டு, அது எரிந்திருக்கலாம். பெரும்பாலான திரைகளின் மின்வடத்தைத் தனியே பிடுங்கி மாற்ற முடியும். மேசைக் கணினியின் மின்வடம் பெரும்பாலும் அதே வகைதான். அடாப்டர் உள்ள திரையாயின், அதே வோல்ட் அளவும் அதே முனையமைப்பும் உள்ள, ஆம்பியர் அளவு குறையாத மற்றோர் அடாப்டரைக் கொண்டு மட்டுமே சோதிக்க வேண்டும்.

2. காட்டி விளக்கு: திரையின் ஓரத்திலுள்ள சிறு விளக்கு எரிகிறதா? அறவே எரியவில்லையெனில் பழுது மின்சாரம் வரும் பாதையில் இருக்கக்கூடும். ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ, சிமிட்டினாலோ, பெரும்பாலும் கணினியிலிருந்து சமிக்ஞை வரவில்லை என்று பொருள்.

3. சமிக்ஞை: மின்சாரம் இருக்கும்போதே வி.ஜி.ஏ. அல்லது எச்.டி.எம்.ஐ. வடத்தை மட்டும் கழற்றுங்கள். 'சமிக்ஞை இல்லை' என்ற அறிவிப்பு திரையில் பளிச்செனத் தோன்றினால் திரை நலமாக இருக்கிறது. குறை வடத்திலோ கணினியிலோ உள்ளது.

4. அமைப்பு: திரையின் பொத்தான்களை அழுத்திப் பட்டியலைத் திறந்து ஒளியளவைப் பாருங்கள். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் முறை செயலில் இருந்தால் திரை மங்கலாகவே இருக்கும். தொழிற்சாலை அமைப்புக்கு மீட்கும் வசதியும் அங்கேயே உண்டு. கணினியில் எச்.டி.ஆர். முறை தவறுதலாக இயக்கப்பட்டாலும் சில திரைகளில் வண்ணம் வெளிறி மங்கும்.

5. டார்ச் விளக்குச் சோதனை: அறையை இருட்டாக்கி, கணினியை இயக்கி, டார்ச் விளக்கின் ஒளியைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சுங்கள். சாளரங்களோ எழுத்துகளோ நிழல்போல் தெரிந்தால் படம் உருவாகிறது, பின்விளக்குத்தான் எரியவில்லை என்பது உறுதி.

6. நேரக்குறிப்பு: திரை எப்போது மறைகிறது? இயக்கிய ஓரிரு விநாடியிலா, சூடான பின்னரா? பலமுறை சிமிட்டிய பிறகே எரிகிறதா? தொடக்கத்தில் செந்நிறம் படர்கிறதா? இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழுதுபார்ப்பவருக்கு இதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.

பெற்றோர் ஒருவர் ஒருமுறை என்னிடம், "டீச்சர், மானிட்டர் செத்துப்போச்சு. புதுசுதான் வாங்கணும்" என்றார். நான்காவது சோதனையை மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். சிக்கன முறையை நிறுத்தியதும் திரை பழையபடி ஒளிர்ந்தது. அவருக்கு மிச்சமான பணத்தைவிட, தந்தையுடன் சேர்ந்து பொத்தான்களை அழுத்தித் தானே காரணத்தைக் கண்டுபிடித்ததாக மறுநாள் வகுப்பில் பெருமையுடன் சொன்ன அம்மாணவனின் முகம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பாடநூலில் உள்ளதுதானே!

மேற்கண்ட சோதனைகளைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். இவை நமக்குப் புதியவை அல்ல. அறிவியல் பாடத்தில் நாம் அன்றாடம் கற்பிக்கும் செயற்பாங்குத் திறன்களே இவை. காட்டி விளக்கின் நிறத்தைப் பார்ப்பது உற்றறிதல். 'சமிக்ஞை வரவில்லை போலும்' என்பது ஊகித்தல். 'வடத்தை மாற்றினால் படம் வரும்' என்பது கருதுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது மாறிகளைக் கட்டுப்படுத்துதல். தாளில் எழுதி வைப்பது தொடர்பு கொள்ளுதல்.

ஆனால் நம் மாணவர்கள் இச்சொற்களைத் தேர்வுத் தாளில் மட்டுமே சந்திக்கின்றனர். செடி வளர்வதற்குச் சூரிய ஒளி தேவையா என்ற சோதனையில் மாறிகளைச் சரியாக எழுதும் ஆறாம் ஆண்டு மாணவன், வீட்டில் திரை எரியாதபோது எல்லா வடங்களையும் ஒரே நேரத்தில் பிடுங்கிச் செருகுகிறான். இதில் மாணவனின் குற்றம் என்ன? வகுப்பறையில் கற்றது வீட்டு மேசைக்கும் உரியது என்பதை அவனுக்கு யார் காட்டினார்கள்?

வள்ளுவப் பெருந்தகையும் 'மருந்து' அதிகாரத்தில் நோய், அதன் காரணம், அதனைத் தணிக்கும் வழி என்னும் வரிசையைத்தான் வலியுறுத்துகிறார். நோயாளியைக் காணாமலே மருந்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பிழையோ, பழுதை அறியாமலே புதியது வாங்கக் கடைக்குப் புறப்படுவதும் அவ்வளவு பிழையே.

உள்ளே என்ன பழுதாகிறது?

சோதனைகளின் முடிவில் பழுது உள்ளேதான் என்று தெரியவந்தால், பெரும்பாலும் அது மூன்று இடங்களுள் ஒன்றில் இருக்கும்.

முதலாவது மின்வழங்கிப் பலகையில் உள்ள மின்தேக்கிகள். சிறிய உருளைபோல் இருக்கும் இவற்றினுள் மின்பகு திரவம் உள்ளது. வெப்பத்தால் இத்திரவம் மெல்ல உலர்கிறது. தட்டையாக இருக்க வேண்டிய உருளையின் தலை உப்பிவிடும். சில வேளை பழுப்பு நிறக் கசிவும் தெரியும். 1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதிவரை தரமற்ற மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள் உலகச் சந்தையில் பெருமளவில் கலந்துவிட்டன. கணினித் தாய்ப்பலகைகளும் திரைகளும் ஆயிரக்கணக்கில் அற்பாயுளில் மடிந்தன. அக்காலத்துத் திரைகள் பலமுறை சிமிட்டிய பின்னரே எரிந்ததற்கும், இரண்டு விநாடி எரிந்து அணைந்ததற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

வெப்பத்திற்கும் மின்தேக்கியின் ஆயுளுக்கும் உள்ள உறவு நம்மைப் போன்ற வெப்ப நாட்டவர் அறிய வேண்டியது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினரின் பொதுவான கணக்கு. திரையின் பின்புறத்துத் துளைகளைத் துணியால் மூடுவதும், சுவரோடு ஒட்டி வைப்பதும், வெயில் விழும் சன்னலோரம் வைப்பதும் அதன் ஆயுளை நாமே குறைக்கும் செயல்கள். இதனைத் தவிர்க்க ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, பழைய குழல்விளக்குத் திரைகளில் உள்ள இன்வெர்ட்டர். குறைந்த மின்னழுத்தத்தைக் குழல்விளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக மாற்றுவது இதன் வேலை. மூன்றாவது பின்விளக்கே. குழல்விளக்கு தேயும்போது ஒளி குறைந்து செந்நிறம் தோன்றும். எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக ஒரே தொடரில் இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலும் அத்தொடர் முழுவதும் இருண்டுவிடும். அக்காலத்துத் தீபாவளி அலங்கார விளக்குச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுள் மின்தேக்கியை மாற்றுவதுதான் மலிவான வேலை. கோலாலம்பூரின் புடு வட்டாரத்தில் உள்ள ஜாலான் பசார் மின்னணு உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. ஒரு சாதாரண மின்தேக்கியின் விலை நாம் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீரின் விலையைத் தாண்டுவது அரிது. ஆயினும் அதே கொள்ளளவு, குறையாத வோல்ட் அளவு, 105 பாகை வெப்பத் தரம், சரியான நேர்-எதிர் முனை ஆகிய நான்கையும் கவனிக்க வேண்டும். இவ்வேலை யாருடையது என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

இங்கே நில்லுங்கள்!

'கம்பியைப் பிடுங்கிவிட்டேன், இனி ஆபத்தில்லை' என்று எண்ணுவோர் பலர். இது மிகவும் ஆபத்தான எண்ணம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்வழங்கிப் பலகையில் அது நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது அங்குள்ள பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்குகிறது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னரும் அது உடனே வெளியேறிவிடும் என்பதற்கு உறுதியில்லை. குழல்விளக்குத் திரையின் இன்வெர்ட்டர் பகுதியில் மின்னழுத்தம் 1000 வோல்ட்டையும் தாண்டும். அக்குழல்விளக்கு உடைந்தால் அதிலுள்ள பாதரசம் வெளிப்படும்.

சேமிப்பறையில் இன்னும் சி.ஆர்.டி. திரை வைத்திருப்போர் அதனை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. அதன் படக்குழலுக்குச் செல்லும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்டது. குழல் தானே ஒரு மின்தேக்கியைப்போல் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். உள்ளே வெற்றிடம் என்பதால் உடைந்தால் கண்ணாடி சிதறும்.

எனவே வீட்டில் யாவரும் பின்பற்ற வேண்டிய எல்லைக்கோடு இதுவே: பின்மூடியின் முதல் திருகாணி வரை நம் வேலை, அதற்கப்பால் மின்னணுவியலில் பயிற்சி பெற்றவர் வேலை. தொழிற்பயிற்சி பெற்ற பெற்றோர் தாமே செய்யலாம். அப்போதும் பிள்ளைகள் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். காணொளிகளில் திருகாணியைக் கழற்றும் கை தெரிகிறது. அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும் பல்லாண்டுப் பயிற்சி தெரிவதில்லை.

'எதற்கு இத்தனைத் தொல்லை?'

"சில நூறு ரிங்கிட்டுக்குப் புதிய திரையே கிடைக்கிறது. இதற்காக ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. திரைப்பலகை விரிசல் விட்டிருந்தால் அதனை மாற்றும் செலவு பெரும்பாலும் புதிய திரையின் விலையை நெருங்கிவிடும். எல்.இ.டி. வரிசையை மாற்ற மெல்லிய கண்ணாடிப் பலகையைப் பிரித்தெடுக்க வேண்டும். அதில் கைதவறினால் எல்லாம் போயிற்று. பழுதுபார்க்கும் கட்டணம் புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல்.

ஆனால் அம்முடிவும் சோதனைக்குப் பிறகே வர வேண்டும். சில நூறு ரிங்கிட் என்பது எல்லா வீட்டிலும் சிறிய தொகை அன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியின் சிறு திரையைப் பார்த்து அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பாடம் படித்ததை ஆசிரியர்களாகிய நாம் மறக்க முடியுமா? அந்நேரத்தில் வேலை செய்யும் ஒரு பழைய திரையின் மதிப்பு கடை விலையால் அளக்கக்கூடியதாக இருக்கவில்லை.

தூக்கியெறியும் பொருள் எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு உருவானதாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது என்றும் ஐக்கிய நாட்டு அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகள் மின்னணுக் கழிவுகளை எஸ்.டபிள்யூ. 110 என்னும் குறியீட்டின் கீழ் வைத்துள்ளன. ஈயம், பாதரசம், காட்மியம் கலந்த பாகங்களும் படக்குழல் கண்ணாடியும் அதில் அடங்கும். ஆகவே, இனி உதவாது என்று உறுதியான திரையைச் சுற்றுச்சூழல் துறையில் பதிவு பெற்ற சேகரிப்பு மையத்திடம் கொடுப்பதே முறை. குப்பைத் தொட்டி அருகே வைத்துவிட்டு வருவது முறையாகாது.

பழுதுபார்க்கும் உரிமையை உலக நாடுகளும் உணரத் தொடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த விதியின்படி, திரை உற்பத்தியாளர்கள் மின்வழங்கி, மின்தேக்கி உள்ளிட்ட உதிரிப்பாகங்களைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் கிடைக்கச் செய்ய வேண்டும். நான் மேலே சொன்ன அதே சிறிய மின்தேக்கி ஒரு கண்டத்தின் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது! அவ்விதியும் பாகங்களைத் தொழில்முறையாளரிடமே கொடுக்கச் சொல்கிறது என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

அரசு வழங்கிய திரைகளில் சொத்துப் பதிவு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கவோ அகற்றவோ நமக்கு உரிமையில்லை. ஆனால் 'பழுது' என்ற ஒற்றைச் சொல்லை எழுதிச் சேமிப்பறையில் அடுக்குவதற்கு முன் ஆறு சோதனைகளையும் செய்து முடிவைப் பதிவு செய்ய எந்தத் தடையும் இல்லை. நிறுவனங்கள் நன்கொடையாகத் தரும் பழைய திரைகளுக்கும் இது பொருந்தும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடையைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்தால், பிறருடைய மின்னணுக் கழிவுக்கு நம் பள்ளி கிடங்காக மாறாது. எழுத்துத் தெரியாத மங்கல் திரைக்கு முன்னால் ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் கணினி வகுப்பு நடத்தினோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை?

2011இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தின் இரண்டாம் படிநிலையில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் இடம்பெற்றது. ஒன்றைப் புதிதாகச் செய்வதை அப்பாடத்தின்வழி கற்பித்தோம். இருப்பதைக் காப்பதையும் அதனோடு சேர்த்துக் கற்பிக்கலாமே! ஒரு பாடவேளை போதும். நல்ல நிலையில் உள்ள திரை ஒன்றின் ஒளியளவை முன்கூட்டியே குறைத்து வைத்தோ சமிக்ஞை வடத்தைத் தளர்த்தி வைத்தோ, 'காரணத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று குழுக்களிடம் கொடுக்கலாம். தொடக்கூடாத இடங்களைச் சிவப்புத் தாள் ஒட்டிக் காட்டலாம். எதைத் தொடக்கூடாது என்று காரணத்தோடு அறிந்த பிள்ளை, 'தொடாதே' என்று அதட்டப்பட்ட பிள்ளையைவிடப் பாதுகாப்பானது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் திரை மங்கும்போது, கடைக்கோ லோரிக்கோ போவதற்கு முன்னால் ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையின் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். ஆறு சோதனைகளையும் வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றின் முடிவையும் பிள்ளையே எழுதட்டும். திரை பிழைத்தால் மகிழ்ச்சி. பிழைக்காவிட்டாலும் அத்தாளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். எங்கே தொடங்குவது என்று அவர் உடனே அறிவார்.